லினக்ஸில் வைட்வைன் பிளகினைப் பழசாக விடாமல் பார்த்துக்கொள்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

லினக்ஸில் ஒரு மென்பொருளை யார் அப்டேட் செய்கிறார்கள் என்று நாம் பெரும்பாலும் யோசிப்பதே இல்லை. டெபியனோ உபுண்டுவோ ஃபெடோராவோ, எதுவாக இருந்தாலும் ஒரு பேக்கேஜ் மேனேஜர் இருக்கிறது. கர்னலில் தொடங்கி கால்குலேட்டர் வரைக்கும் அதுவே பார்த்துக்கொள்கிறது. இந்த ஏற்பாட்டுக்குள் அடங்காதவை சில உண்டு. மூல நிரலைக் காட்டாமல், ஒரு நிறுவனம் பைனரியாக மட்டும் கொடுக்கிற பிரவுசர் பிளகின்கள் அப்படிப்பட்டவை. அந்த வகையில் இன்று நம் கணினிகளில் பரவலாக மிஞ்சியிருப்பது கூகுளின் வைட்வைன். நெட்ஃப்ளிக்ஸ், அமேசான் பிரைம் வீடியோ, ஸ்பாட்டிஃபையின் வெப் பிளேயர் எல்லாம் லினக்ஸ் பிரவுசரில் ஓட இது வேண்டும்.

வைட்வைனை அப்டேட் செய்வதில் கஷ்டம் எதுவும் இல்லை. உங்கள் கணினியில் அதற்கு யார் பொறுப்பு என்று கண்டுபிடிப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஒரே கணினியில் ஃபயர்ஃபாக்ஸ், குரோம், குரோமியம் (குரோமுக்கு அடிப்படையான திறந்த மூலப் பிரவுசர்) மூன்றும் இருந்தால் வைட்வைன் பிரதியும் மூன்று இடத்தில் இருக்கலாம். ஒன்றைப் பிரவுசர் தானே புதுப்பிக்கும், இன்னொன்றை ஏபிடி (டெபியன், உபுண்டுவின் பேக்கேஜ் மேனேஜர்) புதுப்பிக்கும், மூன்றாவதை யாருமே தொடமாட்டார்கள். "நேற்றுதானே எல்லாவற்றையும் அப்டேட் செய்தேன், படம் ஏன் ஓடவில்லை?" என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் அந்த மூன்றாவதில் கிடைக்கும்.

ஒரு சிறு குறிப்பு: கட்டளைகளையும் முகவரிகளையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

ஃப்ளாஷ் காலத்தில் நடந்தது

அவசரம் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் இதைப் படித்தால் பின்னால் வருகிற சிக்கல்கள் எளிதில் புரியும்.

பிரவுசரில் வீடியோவும் விளையாட்டும் ஓட்டிய பழைய பிளகினான அடோபி ஃப்ளாஷை டெபியன் தன் மென்பொருள் களஞ்சியத்தில் நேரடியாக வைக்கவில்லை. அதற்குப் பதிலாக ஃப்ளாஷ்பிளகின்-நான்ஃப்ரீ என்று ஒரு பேக்கேஜ் இருந்தது. அதற்குள் ஃப்ளாஷ் கிடையாது; அடோபியின் தளத்திலிருந்து ஃப்ளாஷை இறக்கி வைக்கும் ஒரு ஸ்கிரிப்ட் மட்டுமே இருந்தது. அதனால் அடோபி புதுப் பதிப்பு வெளியிட்டாலும் பேக்கேஜின் எண் மாறாது. ஏபிடி அப்கிரேட் கொடுத்தால் "எல்லாம் புதிதாகவே இருக்கிறது" என்று பதில் வரும், உள்ளே இருக்கிற ஃப்ளாஷ் மாதக்கணக்கில் பழையதாக இருந்தாலும். ரூட் உரிமையோடு அப்டேட்-ஃப்ளாஷ்பிளகின்-நான்ஃப்ரீ என்ற கட்டளையை இன்ஸ்டால் என்ற விருப்பத்தோடு நாமே ஓட்டவேண்டும். வாரத்துக்கு வாரம் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்துகொண்டிருந்த ஒரு பிளகினுக்கு இது எவ்வளவு ஆபத்தான ஏற்பாடு என்று சொல்லவேண்டியதில்லை.

அதோடு முடியவில்லை. ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்திய பழைய பிளகின் முறையில் லினக்ஸுக்கு 11.2 தான் கடைசிப் பதிப்பு, இனிப் பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான் என்று 2012இல் அடோபி அறிவித்தது. குரோமுக்கு மட்டும் பெப்பர் என்ற வேறு முறையில் புதுப் பதிப்புகள் தொடர்ந்து வந்தன. 2016இல் அடோபி மனம் மாறி, டிசம்பரில் 24ஆம் பதிப்பை லினக்ஸுக்கும் கொடுத்தது. 2020 டிசம்பர் 31ஆம் தேதி ஃப்ளாஷுக்கான ஆதரவு முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே உள்ளடக்கத்தை ஓட்ட மறுத்தது. அதே மாதம் குரோம் 88உம் ஃபயர்ஃபாக்ஸ் 85உம் அதைத் தூக்கி எறிந்தன.

இன்றைக்கும் எங்காவது ஒரு தளம் "உங்கள் ஃப்ளாஷ் பிளேயர் பழையது, அப்டேட் செய்யுங்கள்" என்று சொன்னால் அது மோசடி. சந்தேகமே வேண்டாம், தாவலை மூடிவிடுங்கள்.

வைட்வைன் எங்கே உட்கார்ந்திருக்கிறது

வைட்வைன் 1999இல் தொடங்கிய நிறுவனம். 2010 டிசம்பரில் கூகுள் அதை வாங்கியது. பிரவுசருக்குள் இருப்பது அதன் மறைவிலக்கும் பகுதி. தளம் அனுப்புகிற மறையாக்கப்பட்ட வீடியோவைத் திறக்க உரிமம் கேட்டு வாங்கி, திறந்து பிரவுசரிடம் கொடுப்பது அதன் வேலை. லினக்ஸில் அது ஒரே ஒரு பகிர்வு நூலகக் கோப்பு, லிப்வைட்வைன்சிடிஎம் என்ற பெயரில். கூடவே மேனிஃபெஸ்ட் என்று ஒரு சிறு கோப்பு இருக்கும். அதை எந்த டெக்ஸ்ட் எடிட்டரிலும் திறக்கலாம், 4.10 என்று தொடங்குகிற பதிப்பு எண் உள்ளே இருக்கும். இந்த எண்ணைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் போதும், யார் சொல்வதையும் நம்பவேண்டியதில்லை.

இதைப் புதிதாக வைத்திருக்க இரண்டு காரணம். ஒன்று பாதுகாப்பு. இணையத்திலிருந்து வருகிற தரவை நேரடியாகக் கையாள்கிற, நாம் உள்ளே பார்க்கமுடியாத நிரல் இது. பிரவுசர்கள் இதைச் சாண்ட்பாக்ஸ் என்ற தனிக் கூண்டுக்குள் அடைத்துத்தான் ஓட்டுகின்றன என்றாலும் பழைய பைனரியை வைத்திருப்பதில் லாபம் எதுவும் இல்லை. இரண்டாவது, நடைமுறைக் காரணம். பழைய பதிப்புகளைக் கூகுள் அவ்வப்போது செல்லாததாக்கிவிடும். அதற்குப் பிறகு உரிம சர்வர் அந்தப் பதிப்புக்குப் பதில் தராது. முந்தின நாள் வரை ஓடிய படம் திடீரென்று நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் வேலை: பிரவுசர் எந்த வழியாக வந்தது?

ஸ்னாப், ஃப்ளாட்பேக் இரண்டும் வழக்கமான பேக்கேஜ் மேனேஜருக்கு வெளியே மென்பொருளை நிறுவும் தனி முறைகள். டெர்மினலைத் திறந்து "ஸ்னாப் லிஸ்ட்" என்று கொடுங்கள். பட்டியலில் ஃபயர்ஃபாக்ஸோ குரோமியமோ இருந்தால் அது ஸ்னாப். உபுண்டு 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பாகத்தான் வருகிறது. ஏபிடியில் தெரியும் ஃபயர்ஃபாக்ஸ் பேக்கேஜ் ஸ்னாப்பை இழுத்து வரும் ஒரு வெற்றுக் கூடு. குரோமியத்துக்கு 19.10இலிருந்தே இதே கதைதான். அடுத்து "ஃப்ளாட்பேக் லிஸ்ட்" கொடுத்துப் பாருங்கள். இரண்டிலும் இல்லையென்றால் "ஏபிடி பாலிசி" என்று போட்டுப் பிரவுசரின் பேக்கேஜ் பெயரைக் கொடுங்கள். எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தது, அங்கே புதிது ஏதாவது காத்திருக்கிறதா என்று இரண்டும் தெரியும். ஃபெடோராவில் "டிஎன்எஃப் இன்ஃபோ" இந்த வேலையைச் செய்யும்.

பதிலை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப், குரோம் ஏபிடி என்று இரண்டு வரி போதும். ஒரே பிரவுசர் இரண்டு வழியில் வந்து உட்கார்ந்திருப்பதும் உண்டு. அப்போது ஒன்றை நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றை அப்டேட் செய்துவிட்டு இன்னொன்றைத் திறந்துகொண்டிருப்பீர்கள்.

ஃபயர்ஃபாக்ஸ்

லினக்ஸ் ஃபயர்ஃபாக்ஸில் வைட்வைன் 2016இல் வெளியான 49ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் பேக்கேஜுக்குள் அது வராது. டிஆர்எம்மை, அதாவது உரிமம் வாங்கித் திறக்கவேண்டிய உள்ளடக்கத்தை ஓட்டும் வசதியை, நீங்கள் இயக்கிய பிறகு ஃபயர்ஃபாக்ஸே அதை இறக்கி, உங்கள் அமைப்புகள் இருக்கும் புரொஃபைல் அடைவுக்குள் ஜிஎம்பி-வைட்வைன்சிடிஎம் என்ற அடைவில் வைத்துக்கொள்ளும். பிறகு தானாகவே புதிது இருக்கிறதா என்று சோதிக்கும். ஏபிடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் எந்த வழியில் வந்திருந்தாலும் வைட்வைன் மட்டும் இந்த வழியில்தான்.

செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியில் டிஆர்எம் உள்ளடக்கத்தை ஓட்ட அனுமதிக்கும் கட்டம் ஒன்று இருக்கும். அது டிக் ஆகியிருக்கவேண்டும்.

அப்புறம் முகவரிப் பட்டையில் "அபவுட்:ஆட்ஆன்ஸ்" என்று தட்டி, இடப்பக்கம் பிளகின்ஸ் என்பதைத் திறங்கள். வைட்வைனும், அதற்குப் பக்கத்தில் சிஸ்கோவின் ஓபன்எச்264 என்ற வீடியோ பிளகினும் தெரியும். வைட்வைனைச் சொடுக்கினால் பதிப்பு எண்ணும் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதும் வரும். அங்கேயே தானாகப் புதுப்பிக்கலாமா என்ற கேள்விக்கு "ஆன்" அல்லது "டிஃபால்ட்" தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். மேலே இருக்கும் பற்சக்கரப் பொத்தானில் "செக் ஃபார் அப்டேட்ஸ்" இருக்கிறது. அதை அழுத்தி ஒரு நிமிடம் பொறுங்கள்.

இவ்வளவு செய்தும் பழைய எண்ணே நின்றால், கோப்புகளைத் தேடி அழிக்க ஓடாதீர்கள். செட்டிங்ஸில் அந்த டிஆர்எம் கட்டத்தின் டிக்கை எடுங்கள். எடுத்தவுடன் ஃபயர்ஃபாக்ஸ் இறக்கி வைத்த வைட்வைனை வட்டிலிருந்தே நீக்கிவிடும். பிரவுசரை மூடித் திறந்து மறுபடி டிக் செய்யுங்கள், புதிதாக இறக்கும். இணையத்தில் சுற்றுகிற "இந்த அடைவை அழி, அந்த அமைப்பை மாற்று" வகைக் குறிப்புகளைவிட இது சுத்தமான வழி.

அப்படியும் வரவில்லையா? நான் பார்க்கச் சொல்கிற இடங்கள் இவை.

ஃபயர்ஃபாக்ஸே பழையதாக இருக்கலாம். வைட்வைனுக்காக அது மொசில்லாவின் சர்வரிடம் கேட்கும்போது தன் பதிப்பு எண்ணையும் கணினியின் வகையையும் சேர்த்தே சொல்கிறது. பதில் அதற்கேற்பத்தான் வரும். எனவே முதலில் ஃபயர்ஃபாக்ஸைப் புதுப்பியுங்கள். அதே காரணத்தால் நெட்வொர்க்கில் விளம்பரத் தடுப்பானோ அலுவலக ஃபயர்வாலோ மொசில்லாவின் அப்டேட் சர்வரைத் தடுத்தாலும் பதிப்பு அப்படியே உறைந்து நிற்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

ஒன்றுக்கு மேற்பட்ட புரொஃபைல் வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வைட்வைன். ஆறு மாதமாகத் திறக்காத புரொஃபைலில் ஆறு மாதப் பழைய பிரதிதான் இருக்கும். திறந்து சற்று நேரம் விட்டால் சரியாகிவிடும்.

கொஞ்சம் நுணுக்கமானது இது. பிளகின் பட்டியலில் இருக்கிறது, எண்ணும் புதிது, ஆனால் படத்தை ஓட்டினால் வைட்வைன் கிராஷ் ஆகிவிட்டது என்று மேலே ஒரு பட்டை வருகிறது. உங்கள் ஹோம் பகுதி நோஎக்ஸெக் என்ற விருப்பத்தோடு மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று "ஃபைண்ட்எம்என்டி" கட்டளையில் பாருங்கள். பாதுகாப்புக்காகச் சிலர் இப்படி அமைப்பதுண்டு. அந்த விருப்பம் இருந்தால், அங்கிருக்கும் நூலகக் கோப்பை இயங்கும் நிரலாக நினைவகத்தில் ஏற்றக் கர்னல் அனுமதிக்காது. வைட்வைன் ஹோமுக்குள்தானே இருக்கிறது? எத்தனை முறை அப்டேட் செய்தாலும் பலன் இருக்காது. மவுன்ட் விருப்பத்தைத்தான் மாற்றவேண்டும்.

ஸ்னாப், ஃப்ளாட்பேக் பயனர்கள் புரொஃபைலை வழக்கமான மறை அடைவில் தேடி ஏமாறவேண்டாம். ஸ்னாப்பில் அது ஹோமில் இருக்கும் ஸ்னாப் அடைவுக்குள்ளும், ஃப்ளாட்பேக்கில் டாட் வார் அடைவுக்குள்ளும் இருக்கும். இதற்கெல்லாம் குறுக்குவழி உண்டு. முகவரிப் பட்டையில் "அபவுட்:சப்போர்ட்" தட்டுங்கள். புரொஃபைல் அடைவு எங்கே என்று எழுதி, திறக்கப் பொத்தானும் கொடுத்திருப்பார்கள்.

குரோம்

குரோமில் வைட்வைன் இரண்டு அடுக்காக வருகிறது. பேக்கேஜோடு ஒரு பிரதி, ஆப்ட்/கூகுள்/குரோம் அடைவுக்குள். அதற்கு மேல், பிரவுசர் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் உறுப்பு அப்டேட்டர் புதிது கிடைத்தால் உங்கள் ஹோமில் கான்ஃபிக் அடைவுக்குள் இன்னொரு பிரதியை இறக்கும்.

"குரோம்://காம்போனன்ட்ஸ்" என்று தட்டினால் உறுப்புகளின் பட்டியல் வரும். வைட்வைன் வரியைத் தேடி "செக் ஃபார் அப்டேட்" அழுத்துங்கள். புது எண் வந்துவிட்டதா? இன்னும் முடியவில்லை. லினக்ஸில் குரோம் இந்த நூலகத்தைத் தொடங்கும்போதே ஏற்றிவிடுகிறது. இடையில் இறங்கிய புதுப் பிரதி அடுத்த முறை குரோமைத் திறக்கும்போதுதான் பயனுக்கு வரும். நாற்பது தாவலைத் திறந்து வைத்து, மடிக்கணினியை மூடித் திறந்தே மாதக்கணக்கில் ஓட்டுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்காகத்தான் சொல்கிறேன்: "குரோம்://ரீஸ்டார்ட்" என்று தட்டினால் தாவல்கள் திரும்பி வரும்படியே பிரவுசர் மறுதொடக்கம் ஆகும்.

முதல் அடுக்கை, அதாவது பேக்கேஜை, ஏபிடியோ டிஎன்எஃப்போ பார்த்துக்கொள்ளும். குரோமின் டெப் கோப்பை (டெபியன், உபுண்டுவுக்கான நிறுவல் பேக்கேஜ்) ஒரு முறை நிறுவும்போதே கூகுளின் களஞ்சியத்தையும் அது பட்டியலில் சேர்த்துவிடும். ஒவ்வொரு முறையும் தளத்துக்குப் போய் டெப் கோப்பை இறக்கவேண்டியதில்லை. இன்னும் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். "சூடோ ஏபிடி அப்டேட்", பிறகு "சூடோ ஏபிடி அப்கிரேட்". அவ்வளவுதான்.

இந்த வழி அறுந்துபோகிற இடங்கள் மூன்று.

உபுண்டுவை ஒரு வெளியீட்டிலிருந்து அடுத்ததற்கு ஏற்றும்போது மூன்றாம் தரப்புக் களஞ்சியங்களை அது அணைத்துவிடும். குரோம் தன்னுடையதைத் தானே திரும்ப இயக்க ஒரு தினசரிப் பணியை வைத்திருக்கிறது என்றாலும், அதை மட்டும் நம்பவேண்டாம். "சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்" திறந்து, மற்ற மென்பொருள்கள் பகுதியில் கூகுள் வரி டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். வெளியீட்டு ஏற்றத்துக்குப் பிறகு இதைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பிரேவ், விவால்டி, எட்ஜ் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

அடுத்தது கையொப்பச் சாவி. கூகுள் தன் சாவிகளை அவ்வப்போது மாற்றும். உங்களிடம் புதுச் சாவி இல்லாவிட்டால் ஏபிடி அப்டேட் கொடுக்கும்போது பொதுச் சாவி கிடைக்கவில்லை அல்லது காலாவதி ஆனது என்று எச்சரிக்கை வரும். பலர் அந்த மஞ்சள் வரியைப் படிக்காமல் கடந்துவிடுகிறார்கள். அது வந்த நாளிலிருந்து குரோம் அப்டேட் ஆகாது. கூகுளின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து டெப் கோப்பை ஒரு முறை இறக்கி மேலேயே நிறுவினால் சாவியும் புதிதாகும். கையொப்பச் சோதனையையே அணைத்துவிடச் சொல்லும் குறிப்புகள் இணையத்தில் நிறைய உண்டு; பக்கமே போகாதீர்கள்.

மூன்றாவது, தானியங்கி அப்டேட். உபுண்டுவின் "அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்" இயல்பாக உபுண்டுவின் சொந்தப் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டுமே நிறுவும். கூகுளின் களஞ்சியம் அதன் அனுமதிப் பட்டியலில் கிடையாது. "என் கணினி தானாகவே அப்டேட் ஆகிறது" என்று நினைத்து நிம்மதியாக இருப்பவர்களின் குரோம் பேக்கேஜ் பழையதாகவே இருக்கும். சேர்ப்பது எளிது. "ஏபிடி-கேஷ் பாலிசி" கொடுத்தால் ஒவ்வொரு களஞ்சியத்தின் கீழும் ஓ என்ற எழுத்துக்கும் சமக்குறிக்கும் அடுத்து அதன் மூலப்பெயர் இருக்கும், கூகுளுக்குரியதைப் பாருங்கள். இடிசி அடைவில் ஏபிடியின் கான்ஃப் அடைவுக்குள் "50அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்" என்ற கோப்பு இருக்கிறது. அதன் அனுமதிப் பட்டியலில், ஏற்கெனவே இருக்கும் வரிகளின் வடிவத்திலேயே, அந்த மூலப்பெயரையும் வெளியீட்டுப் பெயரையும் சேருங்கள். கோப்பை மாற்றுவதற்கு முன் ஒரு நகல். பிறகு அன்அட்டெண்டட்-அப்கிரேட்டை டிரை-ரன், டீபக் விருப்பங்களோடு ஓட்டினால் எதையும் நிறுவாமல், என்ன செய்யப்போகிறேன் என்று மட்டும் சொல்லும். அந்தப் பட்டியலில் கூகுளின் களஞ்சியம் தெரிந்தால் வேலை முடிந்தது.

ஃபெடோராவில் மூன்றாம் தரப்புக் களஞ்சியங்களுக்கு அனுமதி கொடுத்து, குரோமின் களஞ்சியத்தை இயக்கினால் சாதாரண "டிஎன்எஃப் அப்கிரேட்" போதும். தானியங்கிக்கு "டிஎன்எஃப்-ஆட்டோமேட்டிக்" இருக்கிறது.

குரோமியம்: யாரும் பொறுப்பேற்காத இடம்

சிக்கல் அதிகம் இங்கேதான். டெபியனின் குரோமியம் பேக்கேஜில் வைட்வைன் கிடையாது. அதனால் குரோமின் டெப் கோப்பைப் பிரித்து, உள்ளே இருக்கும் வைட்வைன்சிடிஎம் அடைவை மட்டும் யூஎஸ்ஆர்/லிப்/குரோமியம் அடைவுக்குள் நகலெடுக்கச் சொல்லிப் பல குறிப்புகள் உண்டு. நகலெடுத்தால் வேலை செய்யும். ஆனால் அந்த நகலை ஏபிடிக்குத் தெரியாது, கூகுளுக்கும் தெரியாது. ஒரு நாள் அந்தப் பதிப்பு செல்லாமல் போகும்வரை அது அப்படியே கிடக்கும்.

இதற்கு நல்ல வழி: குரோமையும் முறையாக நிறுவிவிட்டு, நகலுக்குப் பதில் ஒரு குறியீட்டு இணைப்பு (அசல் அடைவைச் சுட்டிக்காட்டும் குறுக்குவழி) வைப்பது. பழைய நகல் இருந்தால் முதலில் நீக்குங்கள். பிறகு "சூடோ எல்என்" கட்டளையை ஹைஃபன் எஸ் விருப்பத்தோடு கொடுத்து, முதலில் ஆப்ட்/கூகுள்/குரோம்/வைட்வைன்சிடிஎம் என்ற முழுப் பாதையையும் அடுத்து யூஎஸ்ஆர்/லிப்/குரோமியம்/வைட்வைன்சிடிஎம் என்ற பாதையையும் கொடுங்கள். இரண்டு பாதையும் சாய்கோட்டில் தொடங்கவேண்டும். வைட்வைன்சிடிஎம் பெயரில் டபிள்யூவும் சியும் பெரிய எழுத்து. குரோமியத்தை மூடித் திறங்கள். இனிக் குரோம் பேக்கேஜ் ஏபிடி வழியாகப் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் குரோமியத்துக்கும் அதே புதுப் பிரதி கிடைக்கும்.

குரோமை வேண்டாம் என்றுதானே குரோமியத்துக்கு வந்தோம், அதையே நிறுவுவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குரோமை நீங்கள் திறக்கவேண்டியதே இல்லை. வைட்வைனைக் கொண்டுவரும் வண்டியாக அது சும்மா கிடக்கட்டும். அதுவும் பிடிக்கவில்லை என்றால் படம் பார்க்க ஃபயர்ஃபாக்ஸ் போதும். என் கணினியில் அப்படித்தான்.

ஸ்னாப்பாக வந்த குரோமியத்துக்கு இந்த இணைப்பு பலிக்காது. ஸ்னாப் தன் கூண்டுக்குள் இருந்து ஓடுகிறது, வெளியே இருக்கும் ஆப்ட் அடைவு அதற்குத் தெரியாது. ஆர்ச் லினக்ஸ் பயனர்களுக்கு, பயனர்களே பராமரிக்கும் களஞ்சியமான ஏயூஆரில் குரோமியம்-வைட்வைன் என்ற பேக்கேஜ் உண்டு. ஆர்ச்சின் பேக்கேஜ் மேனேஜரான "பேக்மேன்" தன் முழு அப்டேட்டில் ஏயூஆர் பேக்கேஜ்களைத் தொடாது என்பதை மறக்கவேண்டாம். யே, பாரு போன்ற உதவிக் கருவிகளைப் பயன்படுத்துங்கள், அல்லது நீங்களே மறுபடி கட்டுங்கள்.

பிரேவில் டிஆர்எம் தேவைப்படும் பக்கத்துக்குப் போனால் வைட்வைனை நிறுவ அனுமதி கேட்கும். கொடுத்த பிறகு குரோம் போலவே உறுப்புகள் பக்கத்தில் பார்க்கலாம், அங்கேயும் மறுதொடக்கம் அவசியம்.

ஸ்னாப், ஃப்ளாட்பேக்

ஸ்னாப் ஒரு நாளைக்கு நான்கு முறை புதிது தேடும். ஆனால் பிரவுசர் திறந்திருக்கும்வரை அப்டேட்டைத் தள்ளிப்போடும். 14 நாள் வரைக்கும் பொறுக்கும். "மூடுங்கள், அப்டேட் காத்திருக்கிறது" என்று வரும் அறிவிப்பு அதுதான். மூடிவிட்டு "சூடோ ஸ்னாப் ரெஃப்ரெஷ்" கொடுத்தால் உடனே முடிந்துவிடும். ஃப்ளாட்பேக் தானாக எதையும் செய்யாது. க்னோம் சாஃப்ட்வேர் போன்ற செயலி அந்த வேலையைச் செய்தால் உண்டு, இல்லையென்றால் "ஃப்ளாட்பேக் அப்டேட்" உங்கள் பொறுப்பு.

ராஸ்பெர்ரி பை, மற்ற ஆர்ம் கணினிகள்

ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில் நிலைமை ஆச்சரியமாக நன்றாக இருக்கிறது. 2021இலிருந்து லிப்வைட்வைன்சிடிஎம்0 என்ற பேக்கேஜ் அவர்களுடைய களஞ்சியத்திலேயே இருக்கிறது. ஏபிடி அப்கிரேட் கொடுத்தால் அதுவும் சேர்ந்து புதுப்பிக்கப்படும். ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் ஆஸாஹி லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வைட்வைன்-இன்ஸ்டாலர் என்ற கருவி உண்டு. அது குரோம்ஓஎஸ்ஸுக்கான பிரதியை எடுத்து ஒட்டவைக்கிறது. ஃப்ளாஷ் காலத்து டெபியன் பேக்கேஜின் நேரடி வாரிசு என்றே இதைச் சொல்லலாம். இறக்கும் ஸ்கிரிப்ட்தான், பைனரி அதற்குள் இல்லை. ஆக, கருவி புதுப்பிக்கப்படும்போது அதை மறுபடி ஓட்டவேண்டியது நீங்கள்தான்.

சரியாகிவிட்டதா என்று பார்ப்பது

பதிப்பு எண் மாறிவிட்டது என்பது மட்டும் போதாது, ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். சந்தா இல்லாமலே சோதிக்கலாம்: பிட்மூவின் நிறுவனத்தின் டிஆர்எம் சோதனைப் பக்கமும், ஷாகா பிளேயரின் மாதிரிப் பக்கமும் இலவசம். அங்கே வைட்வைன் வீடியோ ஓடி, நெட்ஃப்ளிக்ஸில் மட்டும் ஓடவில்லை என்றால் பிரச்சினை உங்கள் பிளகினில் இல்லை. குக்கி, விபிஎன், கணக்கு என்று வேறு பக்கம் தேடுங்கள். மாறாக நெட்ஃப்ளிக்ஸ் ஃபயர்ஃபாக்ஸில் எஃப்7701-1003 என்றோ குரோமில் எம்7701-1003 என்றோ காட்டினால் அது வைட்வைனைத்தான் குறிக்கிறது. மேலே சொன்னவற்றை மறுபடி பாருங்கள்.

அப்டேட் செய்தால் 4கே வருமா? வராது. வைட்வைனில் மூன்று பாதுகாப்பு நிலைகள் உண்டு. மறைவிலக்கலும் வீடியோவைக் கையாள்வதும் வன்பொருளின் பாதுகாப்பான பகுதிக்குள்ளேயே நடப்பது முதல் நிலை. முழுக்க மென்பொருளில் நடப்பது மூன்றாம் நிலை. சாதாரண லினக்ஸ் மேசைக்கணினியில் கிடைப்பது மூன்றாம் நிலைதான். தெளிவு எவ்வளவு என்பதை அதை வைத்துத் தளமே முடிவு செய்கிறது. பிளகினின் பதிப்பு எண்ணால் அது உயராது. பிரவுசர் பெயரை மாற்றிக் காட்டி 4கே வாங்கித் தருவதாகச் சொல்லும் எக்ஸ்டென்ஷன்களுக்கு உங்கள் எல்லாப் பக்கங்களையும் படிக்கும் அனுமதியைக் கொடுக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வேண்டாம் என்றால்

படம் பார்க்க டிவியும் கைபேசியும் இருக்கிறது, கணினியில் தேவையில்லை என்பவர்கள் இதை வைத்துக்கொண்டு காவல் காக்கவேண்டியதில்லை. ஃபயர்ஃபாக்ஸில் டிஆர்எம் கட்டத்தின் டிக்கை எடுத்தால் கோப்பும் போய்விடும், இனி இறக்கவும் செய்யாது. குரோமியத்தில் நீங்கள் வைத்த இணைப்பை "சூடோ ஆர்எம்" கொடுத்து நீக்குங்கள். பாதையின் முடிவில் சாய்கோடு போடவேண்டாம். இணைப்பை நீக்கிய பிறகு குரோமை நீக்குங்கள். வரிசை மாறினால் ஒன்றும் உடைந்துவிடாது, எங்கும் போகாத ஒரு இணைப்பு மட்டும் மிஞ்சும். குரோம் பேக்கேஜை நீக்கினாலும் ஹோமில் கான்ஃபிக் அடைவுக்குள் கூகுள்-குரோம் அடைவு அப்படியே இருக்கும், அதற்குள் இறங்கிய வைட்வைன் பிரதியும்தான். புக்மார்க்கும் கடவுச்சொல்லும் அதே அடைவில் இருப்பதால், அவற்றை வேறிடத்துக்கு எடுத்துவைத்த பிறகு அழியுங்கள்.